முதல் தட்டு மரியாதை

"ராசா சாப்பாட்டில கை வைக்க முதல் என்ர பூட்டனுக்குப் பூட்டன் கை வைப்பார். அரண்மனையில அது எங்கட பரம்பரைப் பதவி!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் மெல்பன் தமிழர் வீட்டு விருந்து எதிலும் முதல் தட்டு, இப்படிச் சொல்லித் திரிந்த அருளம்பலத்துக்குத்தான் வரவேண்டும். ஒரு கலியாணத்தில் அது வேறொருவருக்குப் போய்விட்டதென்று, பொம்பிளை மாப்பிள்ளையைக்கூட வாழ்த்தாமல் எழும்பிப் போனவர் அவர்.

இன்று கிளேட்டனில் சிறிதரன் வீட்டில் அதைக் கேட்டு அவர் வாயே திறக்கவேண்டியிருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள்தான் தொடங்கவேணும்" என்று சிறிதரனின் மனைவி பவளம் பெரிய கதிரையை இழுத்துப் போட்டாள். வந்திருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் தட்டைத் தொடவில்லை. அருளம்பலத்துக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு நெஞ்சு விரிந்தது. காளான் கறியை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விட்ட ஏப்பம் சிட்னி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அரண்மனை மரியாதை தெரிஞ்ச ஆக்களை இண்டைக்குத்தான் கண்டனான், தங்கச்சி!"

"எல்லாம் இவர் படிச்சுச் சொன்னதுதான், அண்ணை. ராசாவின்ர சாப்பாட்டில நஞ்சு கிடக்கோ எண்டு பார்க்கத்தானாம் உங்கட ஆக்களை வச்சிருந்தவை."

அடுத்த ஏப்பம் பாதியில் நின்றது.

"காளான் பின்வளவுப் பற்றைக்குள்ள நான் பிடுங்கினது." பவளம் மணிக்கூட்டைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் இப்பிடியே இருங்கோ, அண்ணை. உங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டால் நாங்களும் சாப்பிடுவம்."