லினக்ஸ் என்றால்

மூன்று வரிகள் அதிகமாக இருந்தன.

அவள் மறுபடி எண்ணினாள்.

விண்டோஸ் என்றால், ஆறு வரிகள். மேக் என்றால், ஆறு. லினக்ஸ் என்றால், ஒன்பது.

தினமும் காலையில் அலுவலகக் கணினிகள் விழித்ததும் ஓடும் சின்ன நிரல் அது, ஒரு ஸ்கிரிப்ட். எந்த இயங்குதளத்தில் நிற்கிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ளும். பிறகு அதற்கேற்ற வேலையைச் செய்யும். புதிதாக மேக்குகள் வந்திருப்பதால் பெனிட்டா அதைத் திருத்தி எழுதியிருந்தாள். பெனிட்டா எழுதியதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியது அவள் பொறுப்பு.

அந்த மூன்று வரிகளையும் மெதுவாகப் படித்தாள்.

திரையில் திறக்கும் ஒவ்வொன்றின் தலைப்பையும், நேரத்தோடு, ஒரு கோப்பில் எழுதுகின்றன. அந்தக் கோப்பு, மேலாளரின் ஃபோல்டரில் போய்ச் சேர்கிறது.

இந்த மாடியில் லினக்ஸ் வைத்திருப்பது அவள் மட்டும்தான்.

தண்ணீர் குடித்தாள்.

அடுத்த மாதம் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. போன வாரம் பெனிட்டா மேலாளரோடு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்ததும் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இப்போது நினைவில் எடுத்துப் பார்த்தாள். அது வெறும் சிரிப்புதானா.

பக்கத்து நாற்காலியில் பெனிட்டா முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"லினக்ஸுக்கு மட்டும் என்ன இவ்ளோ நீளம்?"

அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஃப்ளோர்லயே லினக்ஸ் ஆளு நீங்க ஒருத்தர்தானேக்கா. விஐபி. அதான் தனி கவனிப்பு." பெனிட்டா விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்க்கா. அதுல நான் கையே வைக்கல. பழசுல இருந்தத அப்படியே விட்டுட்டேன்."

"பழசு யார் எழுதினது?"

"பாக்கலயே."

பார்க்காமலா? எழுதியவர் பெயர் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் வரும். ஒரு சொடுக்கு போதும்.

அவள் சொடுக்கினாள்.

மூன்று வரிகளுக்கும் எதிரே அவள் பெயரே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை.

முதலில் கோபம் வந்தது. யாரோ தன் பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு சுகிர்தா ஞாபகம் வந்தது.

அப்போது லினக்ஸ் வைத்திருந்தவள் சுகிர்தா. வேறு இடத்தில் வேலை தேடுகிறாள் என்று மேலாளருக்குச் சந்தேகம். ஒரு வாரம் மட்டும் சுகிர்தாவின் திரையைப் பார்க்கலாம் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சுகிர்தாவின் பெயரை எழுதத்தான் கை கூசியது. லினக்ஸ் என்று எழுதினாள். அப்படி எழுதியதும் யாரைப் பற்றியும் எழுதாதது போல் இருந்தது.

மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

பதினோராம் நாள் சுகிர்தாவை அனுப்பிவிட்டார்கள். வரிகளை நீக்கிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வருடம் தனக்கும் லினக்ஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்கிரிப்டை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்.

வரியில் இருந்த கோப்பின் பாதையைப் பிடித்துக்கொண்டு போனாள். கோப்பு திறந்தது.

அவள் திரையின் நான்கு வருடங்கள்.

கருத்தரிப்பு மருத்துவமனைகள். அம்மாவின் ஸ்கேன். வேறு வேலைகள். ஒரு மதியம் முழுவதும், பெண்கள் தனியாகத் தங்கும் விடுதிகள். கணவனிடம்கூடச் சொல்லாதவை, நிமிடக் கணக்கோடு.

கோப்பு கடைசியாகத் திறக்கப்பட்டது நேற்று. மூன்று பத்துக்கு.

மூன்று வரிகளையும் அடையாளமிட்டாள். அழிக்கும் விசையின் மேல் விரல் நின்றது.

அழித்தால், அழித்தவர் பெயர் வரும். அழித்தது என்ன என்று பார்க்க வருவார்கள். எழுதியவர் பெயரும் வரும்.

விரலை எடுத்தாள்.

ஒப்புதல் தந்தாள்.

பிறகு புது லேப்டாப்புக்கான விண்ணப்பத்தைத் திறந்தாள். இயங்குதளம் என்ற இடத்தில் விண்டோஸ். காரணம் என்ற இடத்தில், மற்ற எல்லோரையும் போல.

பெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"விண்டோஸுக்கு மாறுறீங்களா? அப்ப இந்த மெஷின நான் எடுத்துக்கவாக்கா?"

அவள் திரும்பினாள். அந்த முகத்தில் தேடினாள். பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாளா. எதுவும் தெரியாமல் கேட்கிறாளா.

"எடுத்துக்கோ," என்றாள். "ஒரு தொந்தரவும் இருக்காது."

பெனிட்டா அவள் முகத்தில் எதையோ தேடிவிட்டுத்தான் நன்றி சொன்னாள்.