மெசேஜ் வந்ததா?

"ரத்தம் என்ன குழாயில வர்ற தண்ணியா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து விட?"

ரத்த வங்கியின் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் லிப்ட் மெக்கானிக்கின் மனைவி. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் எதையும் காதில் வாங்காமல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். அவர் ரத்தம் கொடுக்க வருவார், அவள் கூடவே திட்ட வருவாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் நாலு நாள் இழுக்கிற மனுஷன், ஊராருக்கு என்றால் மட்டும் முதல் ஆளாக ஓடுகிறார் என்று காத்திருப்பவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று முணுமுணுத்தார்.

உள்ளே ஆராய்ச்சி டாக்டரின் காதிலும் எல்லாம் விழுந்தது. படிவத்தில் 'குடும்பத்தின் எதிர்ப்பு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

ரத்தம் ஒரு தடவை கொடுப்பவர்களில் பாதிப் பேர் மறுபடி வருவதில்லை. அவர்களை வரவைக்க என்ன வழி என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. கொடுப்பவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாதிக்கு, அவர்கள் ரத்தம் நோயாளிக்கு ஏற்றப்படுகிற அன்று செல்போனில் ஒரு மெசேஜ் போகும். மறு பாதிக்கு ஒன்றும் போகாது. யார் எந்தப் பக்கம் என்பதை வெளியே விடக்கூடாது. இரண்டு வருஷம் முடிய இன்னும் ஒரு வாரம்தான்.

மெக்கானிக் மெசேஜ் இல்லாத பக்கம். ஆனாலும் ஏழு தடவை வந்துவிட்டார். இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு எதற்காக வருகிறார் என்று டாக்டருக்கே ஆச்சரியம். கேட்டார்.

"அந்த மெசேஜுக்குத்தான் டாக்டர்," என்றார் மெக்கானிக் வெகு இயல்பாக.

டாக்டரின் பேனா நின்றது. எந்த மெசேஜ் என்று விசாரித்தார். மெக்கானிக் பெருமையாகப் போனை எடுத்து நீட்டினார்.

'உங்கள் ரத்தம் இன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்தது. எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டார். மிக்க நன்றி.'

அதற்கு முந்தையதில் ஒரு கல்யாணப் பெண் பிழைத்திருந்தாள். அதற்கும் முந்தையதில், ஒரு தீயணைப்பு வீரர் வேலைக்கே திரும்பியிருந்தார். மொத்தம் ஆறு. தன்னோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனுக்கு ஒரே ஒரு வரிதான் வருகிறதாம், தனக்கு மட்டும் இவ்வளவு விவரமாக வருகிறது என்று மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் போனை வாங்கி ஆறையும் மறுபடி படித்தார். ரத்தம் யாருக்குப் போனது என்பதை ரத்த வங்கியில் யாரிடமும் சொல்வதே இல்லை. ஆபீஸில் யாரோ விளையாடுகிறார்கள். இரண்டு வருஷ உழைப்பு பாழாகிவிடும்.

மெசேஜ் வந்த நம்பரைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கை ரத்தம் எடுக்கிற அறைக்கு அனுப்பினார். கதவு சாத்தியதும் அந்த நம்பருக்கு அடித்தார்.

வராந்தாவில் மணி அடித்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். பெரியவர் போய்விட்டிருந்தார். பெஞ்சில் தனியாக இருந்த மெக்கானிக்கின் மனைவி, கைப்பைக்குள் இரண்டாவது போனைத் தேடி அவசரமாக அணைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்."

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தணிந்த குரலில் சொன்னாள். முதல் தடவை கொடுத்துவிட்டு வந்த மெக்கானிக், ஒரு மாசம் போனும் கையுமாக அலைந்திருக்கிறார். எலக்ட்ரீஷியனுக்கு வந்துவிட்டது, தனக்கு வரவில்லை. தன் ரத்தத்தைக் கீழே கொட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, இனிமேல் போகப்போவதில்லை என்று சாப்பாட்டுத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு புலம்பியிருக்கிறார். மறுநாளே அவள் புது சிம் வாங்கிவிட்டாள்.

"அப்புறம் வாசல்ல நின்னு அந்தத் திட்டு திட்டுறீங்களே?"

"நான் வேண்டாம்னாத்தான் இவர் செய்வார். சரின்னு சொல்லிப் பாருங்க, அன்னைக்கே விட்டுடுவார்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, இது தப்பு என்று எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து அவர் பெயரை இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார்.

"பேரை எடுத்துக்குங்க. ரத்தம் எடுக்கிறதை மட்டும் நிறுத்திடாதீங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். புருஷனைச் சமாதானப்படுத்த ஒரு வரி அனுப்பினால் போதுமே, வாத்தியார், கல்யாணப் பெண் என்று உட்கார்ந்து யோசித்து இத்தனை நன்றி எதற்கு என்று கேட்டார்.

அவள் ரத்தம் எடுக்கிற அறையின் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, பிரசவத்துல எனக்கு மூணு பாட்டில் ஏத்தினாங்க டாக்டர். யார் குடுத்ததுன்னு கெஞ்சிக் கேட்டும் சொல்லலை. அந்த மூணு பேருக்கு நான் எப்படி நன்றி சொல்றது? அதான், கைக்கு அகப்பட்ட இந்த ஒருத்தருக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."