கரும்பலகையின் நடுக்கோடு

வகுப்பில் ஒரே கரும்பலகைதான், நடுவில் சாக்பீஸ் கோடு. இடப்பக்கம் சுகுமாரன் சார் அரசாங்க மொழியில் பாடம் எழுதுவார். வலப்பக்கம் அதையே நான் எங்கள் மொழியில் எழுதுவேன். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் கோடு என் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. முதலில் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். பிறகு சாரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "சத்தியமா நான் தொடலை டீச்சர்" என்றார். மறுநாள் மணியடிக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். எங்கள் மொழி பேசும் என் வகுப்புப் பிள்ளைகள்தான். ஒருத்தி பழைய கோட்டை அழிக்க, சுபாஷினி ஸ்கேல் வைத்துப் புதிதாக இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"சாருக்கு இடம் பத்தலை டீச்சர். பரீட்சை அந்த மொழியிலதானே."

சாக்பீஸைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "உங்களுக்கு இவ்வளவு போதும்தானே?"