கார்புரேட்டர் குளிர்

எப்போதும், பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில் ஐஸ் பிடித்துப் பாதியில் நின்றுவிடும் இன்ஜின், அன்று ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. சைலன்சர் குழாயைச் சுற்றிப் பால்பவுடர் டின்னைப் பொருத்தி, அந்தச் சூட்டுக் காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிட்ட பரந்தாமனின் யோசனை பலித்துவிட்டது. இனி அவனும் நண்பன் கங்காதரனும் கட்டிய, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் பறக்கும். கங்காதரனுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஜினை நிறுத்திய சற்று நேரத்தில், மாங்காட்டுக் கோயிலுக்குப் போயிருந்த பரந்தாமனின் மனைவி பூங்காவனம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பெட்ரோல் நெடிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"இன்னாங்க, இன்னும் முடியலியா?"

"எங்க? இன்னும் ஐஸ் புடிச்சிகினுதான் கீது" என்றான் பரந்தாமன்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"இன்னா மச்சான், பொய் சொல்ற? தங்கச்சிக்கு இது பறக்கறது புடிக்கலியா?" என்றான் கங்காதரன்.

"புடிக்காம இன்னா? ரெக்கைத் துணி பூரா அவ தைச்சது. மொத தபா பறக்கறப்போ பின்சீட்டு அவளுக்குன்னு சத்தியம் பண்ணிகீறேன்."

"அப்புறம் இன்னா?"

"பெட்ரோல் வாசனைன்னா அவளுக்கு உசுரு. ஒரு மாசமா மூக்கைப் பொத்திக்கிறா. காலையில கொல்லையில வாந்தி வேற. சொன்னா பின்சீட்டுல ஏத்த மாட்டேன்னு எங்கிட்டயே மறைக்கிறா."

பரந்தாமன் டின்னை மெல்லத் துடைத்தான்.

"அவளா வாயைத் தொறந்து சொல்ற வரிக்கும், இந்தக் கார்புரேட்டருக்குக் குளிரு அடங்காது மச்சான்."