சூரியனை இழுத்தது யார்?

ஆலமரப் பள்ளிக்கூடத்தில் மேல்கிளை முழுக்கக் கொக்குக் குஞ்சுகள். "கறுப்புக்குக் கீழ்கிளைதான்" என்று காக்காக் குஞ்சைத் தினமும் விரட்டின.

"நாளையிலிருந்து வரமாட்டேன் டீச்சர்" என்று அழுதது காக்காக் குஞ்சு.

"சரி, உங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லிட்டுப் போடி" என்றது மைனா டீச்சர்.

"ஒருநாள் சூரியன் குளத்தில விழுந்துடுச்சாம். காக்கா கொடியைக் கட்டி இழுத்துச்சாம்..."

"ஏய், அது எங்க கதை!" என்று குதித்தது ஒரு கொக்கு. "இழுத்தது கொக்கு!"

"காக்காதான்!"

"அவ்வளவு பெரிய சூரியனை ஒத்தை ஆளா இழுக்க முடியுமா?" என்றது டீச்சர்.

"அதானே! ஏய் காக்கா, சீக்கிரம் மேலே வா, நீயும் பிடி!" என்று ஒரு விழுதைக் காட்டியது அந்தக் கொக்கு.

நுனியில் சூரியனே தொங்குவதுபோல், எல்லாம் ஒரே விழுதைக் கவ்வி மூச்சைப் பிடித்து இழுத்தன.

"நாளைக்கு வருவியாடி?" என்றது டீச்சர்.

காக்காக் குஞ்சு பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் சூரியன் விழுந்துவிடுமே!