சார்ஜ் ஏறலைங்க தம்பி

“தம்பி, மறுபடியும் சார்ஜ் ஏறலைங்க!”

செங்கோடன் கைத்தடியைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு, துண்டில் சுற்றிய டேப்லெட்டை மேசை மேல் வைத்தார். சங்ககிரியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் அஃப்தாபுக்கு அலுப்பாக வந்தது. போன வாரம்தானே சரி செய்து கொடுத்தான்?

“உட்காருங்கண்ணா. ஸ்பீக்கராவது வேலை செய்யுதா?”

“அதுவும் பேச மாட்டேங்குது. ரெண்டையும் ஒரே ஓட்டையிலதானே சொருகறோம்?”

வடநாடு முழுக்க லாரி ஓட்டியவர் செங்கோடன். பக்கவாதம் வந்து, உடம்பு தேறி, இடது கால் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. மகள் வாங்கித் தந்த டேப்தான் இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. யாரோ லாரி ஓட்டிக்கொண்டே எடுத்த வீடியோக்களைப் போட்டு, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம் அதிர அதிரப் பார்ப்பார்.

அஃப்தாப் வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தான். வயரை மாற்றினான். ஆஃப் செய்து ஆன் செய்தான். ஒன்றுக்கும் மசியவில்லை. வயர் முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நின்றது. டார்ச் அடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தான்.

போன வாரம் எடுத்த அதே பஞ்சு!

சட்டைப் பைத் தூசி என்றால் பொடிப்பொடியாக இருக்கும். இது விளக்குத் திரி மாதிரி அழகாக உருட்டி உள்ளே தள்ளியது.

டேப்பை அணைத்து, இடுக்கியால் மெதுவாக வெளியே இழுத்தான். பிரஷ்ஷால் துடைத்து வயரைச் சொருகியதும் ‘டிங்’ என்றது. திரையில் பேட்டரிப் படம் பச்சையாக மின்ன, செங்கோடன் முகமும் மின்னியது.

“ஏண்ணா, வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நானும் உங்கக்கா ஆராயியும்தான். ஏனுங்க?”

“சும்மாதாங்கண்ணா கேட்டேன்.”

அஃப்தாபுக்கு விளங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. புருஷன் வீடியோ பார்ப்பது பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? கால் இழுக்கிற மனுஷரை இந்த வெயிலில் இத்தனை தூரம் அலையவிடுவதா? ஒரு தடவையாவது துணைக்கு வந்திருப்பாரா அந்த அம்மாள்?

ஒரு ரப்பர் மூடியைத் தேடி எடுத்து, ஓட்டையில் இறுக்கமாக அழுத்தினான்.

“சார்ஜ் போடறப்ப மட்டும் கழட்டுங்கண்ணா. மத்த நேரம் மூடியே இருக்கட்டும்.”

மறுநாள் காலையில் அவன் கடையைத் திறக்கும்போதே ஒரு பெண்மணி வந்து நின்றார். அவர் உள்ளங்கையில் அந்த ரப்பர் மூடி.

“நான் செங்கோடன் ஊட்டுக்காரிங்க. இதைய யாருங்க சாமி போடச் சொன்னது? கழட்டறதுக்குள்ள என்ற நகமே பேந்து போச்சு!”

“நான்தாங்கக்கா போட்டேன். அந்த மனுஷரை இப்படி அலைய வைக்கிறீங்களே, பாவமா இல்லையா உங்களுக்கு?”

“அலையட்டும்னுதானுங்க அடைக்கிறேன்!”

அஃப்தாப் திகைத்தான்.

“தெனமும் நடக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. இவரு வாசப்படி தாண்டலை. லாரி ஓட்டுனவன் தடி ஊனிட்டுப் போனா ஊரே சிரிக்கும்னு கட்டில்லயே கெடந்தாரு. கெஞ்சிப் பாத்தேன், அழுதும் பாத்தேன். ஒரு நாளு இந்த டேப்புக் கருமாந்தரம் தானா கெட்டுப்போச்சு. ஆட்டோக்குக்கூடக் காத்திருக்காம எந்திரிச்சு உங்க கடைக்கு நடந்துட்டாரு சாமி! அன்னைக்குச் செவுத்தப் புடிச்சுப் புடிச்சுப் போனவரு, இப்ப தடியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக்கூட நாலு எட்டு வைக்கிறாரு.”

அஃப்தாப் அந்த மூடியை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டான்.

“தப்பா நெனச்சுட்டேங்கக்கா. பஞ்சை மட்டும் ரொம்ப அமுக்காதீங்க, உள்ள பின் வளைஞ்சிடும். லேசா வெச்சாலே போதும்.”

ஆராயி சிரித்துவிட்டார். “நீங்களும் ஒடனே சரி பண்ணிக் குடுத்துராதீங்க சாமி. நாளைக்கு வாங்கன்னு சொல்லுங்க. ரெண்டு நடை ஆகும்!”

அடுத்த வாரம் செங்கோடன் வந்தார்.

“சார்ஜ் ஏறலைங்க தம்பி!”

அஃப்தாப் சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸை எடுத்தான். உள்ளே பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

பஞ்சு இல்லை. லாரிக் கண்ணாடி துடைக்கிற வேஸ்ட் நூல், கலர் கலராக, ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். செங்கோடன் தலையைச் சொறிந்தார்.

“ஆராயிக்குக் காச்சலுங்க தம்பி. பாவம், அடைக்க மறந்துட்டா. அதான் நானே...”

“அண்ணா! அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“காலம் பூரா வண்டி ஓட்டுனவனுங்க. தானா நின்னதா, யாராவது நிப்பாட்டுனதான்னு தெரியாதுங்களா?”

“தெரிஞ்சும் ஏண்ணா அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?”

செங்கோடன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் டேப்பைத் தூக்கிட்டு நடக்கறப்ப, ஜன்னல்ல நின்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. எனக்கு வாதம் வந்ததுக்கப்புறம் வேற எப்பவும் அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க தம்பி.”