பதிலாள் படிவம்

மேலாளர் தன் அலுவலகத்தில் ஒரு விதி வைத்திருந்தார். பதிலாளின் பெயரை எழுதிக் கொடுக்காமல் யாரும் விடுப்பில் போகக் கூடாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி அதைப் பற்றி மேடையேறிப் பேசவும் செய்வார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி கதவைத் திறந்தபோது கூரியர்காரர் நின்றிருந்தார். அவர் கணுக்கால்களில் இரண்டு சின்னச் சிறகுகள் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தன.

"பாதாளத்து ராஜா ஹேடீஸ் ஆபீஸ்லேர்ந்து வரேன்மா. உங்க வீட்டுக்காரருக்கு இன்னையோட ஆயுசு முடியுது."

"ஐயையோ! அவர் குளிச்சிட்டு இருக்காரேப்பா."

"அவர் வர வேண்டாம்மா. போன மாசமே பதிலாள் எழுதிக் குடுத்துட்டார்."

படிவத்தை நீட்டினார். கணவரின் குண்டு குண்டான கையெழுத்தேதான். பதிலாள்: மனைவி. தகுதி: வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்.

இருபத்தாறு வருஷம் சமைத்துப் போட்ட கை படிவத்தின் பின்பக்கத்தையும் புரட்டியது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையேப்பா?"

"அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லம்மா."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஆள் வந்தாச்சா? போறப்ப அந்தத் துண்டை எடுத்துக் குடுத்துட்டுப் போ."

கதவிடுக்கில் ஈரக்கை ஒன்று நீண்டு, விரல்களை அசைத்தபடி காத்திருந்தது.